வெடிக்கும் தூசியும் ஆவியும் உள்ள ஆலைகளில் அன்றாடப் பாதுகாப்புச் சோதனை: முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் வெடி அபாயம் உள்ள இடம் என்றால் பெட்ரோல் பங்கும், கேஸ் குடோனும், டேங்கர் லாரிகள் நிற்கும் இடமும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. நாமக்கல்லின் கோழித்தீவன ஆலைகளையும், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகளையும், ஈரோட்டின் மஞ்சள் அரவை ஆலைகளையும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்க் கழிவைச் சலிக்கும் கொட்டகைகளையும், கோவை, திருப்பூர் நூற்பாலைகளின் ஃபில்டர் அறைகளையும் அந்தப் பட்டியலில் யாரும் எளிதில் சேர்ப்பதில்லை. மாவு எரியும் என்பதை ஒப்புக்கொள்பவர்கள்கூட அது கட்டடத்தைப் பெயர்க்கும் அளவுக்கு வெடிக்கும் என்பதை நம்பத் தயங்குகிறார்கள். ஆகவே சோதனை முறைக்குப் போவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ எடை கொண்ட மாவு, தரையில் 1 மில்லிமீட்டர் தடிமனுக்குப் படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் தரையில் அரைக் கிலோ மாவு இருக்கும். அறையின் உயரம் 5 மீட்டர் என்றால், அந்த மாவு முழுவதும் காற்றில் எழும்போது ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் 100 கிராம் மாவு கலந்திருக்கும். பல தானிய மாவுகள் 50, 60 கிராம் அளவிலேயே தீப்பற்றி வெடிக்கக் கூடியவை. விரலால் கோடு போட்டால் தெரிகிற அந்த மெல்லிய படிவே போதும் என்பதுதான் இதன் பொருள்.

ஆனால் அத்தனை அடர்த்தியான தூசியில் மனிதரால் மூச்சுவிட்டு நிற்க முடியாது. எனவே வேலை நடக்கும் அறையில் சாதாரண நாளில் அந்த நிலை வருவதில்லை. பக்கெட் எலிவேட்டர் (பெல்ட்டில் பூட்டிய வாளிகளால் சரக்கை மேலேற்றுவது), ஹேமர் மில் (சுத்தியல்களால் அரைப்பது), சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிப்பது), பேக் ஃபில்டர் (துணிப்பைகளில் தூசியைப் பிடிப்பது) ஆகியவற்றின் உள்ளேதான் அது நாள் முழுவதும் இருக்கிறது. முதல் வெடிப்பு இயந்திரத்துக்குள் நிகழ்கிறது. அந்த அதிர்ச்சியில் உத்திரத்திலும் கேபிள் ட்ரேயிலும் படிந்திருக்கும் மாவு உதிர்ந்து அறை முழுவதும் பரவ, பின்னாலேயே வரும் தீ அதைப் பற்றவைக்கிறது. ஆட்களைக் கொல்வதும் கட்டடத்தை இடிப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வெடிப்புதான். இயந்திரத்துக்குள் பொறி பிறக்காமல் காப்பதும், அறையில் தூசி படியாமல் காப்பதும் என்று அன்றாடச் சோதனை இரண்டு பாதியாகப் பிரிவதற்கு இதுவே காரணம். ஹெக்சேன் (எண்ணெய் பிரித்தெடுக்க உதவும் கரைப்பான்), சாராய ஆவி, எல்பிஜி, சாண எரிவாயு போன்றவை உள்ள இடங்களில் கசிவைத் தேடுவது மூன்றாவது வேலையாகச் சேர்கிறது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 37-ஆவது பிரிவில் இதே விஷயத்தைத்தான் சொன்னது: தூசியோ ஆவியோ வெளியேறாதபடி இயந்திரத்தை மூடுவது, வெளியேறியது தேங்காமல் அகற்றுவது, தீப்பற்றக் காரணமாகும் எதையும் அருகில் விடாமல் விலக்குவது. தொழிலாளர் சட்டங்கள் தொகுப்புகளாக மாற்றப்பட்ட பிறகும் இந்த மூன்றுமே அடிப்படையாக நிற்கின்றன. ஆண்டுக்கொரு முறை தகுதி பெற்ற பொறியாளர் வந்து செய்யும் விரிவான ஆய்வு வேறு; இங்கே சொல்லப்படுவது ஷிப்ட் சூப்பர்வைசர் தினமும் செய்ய வேண்டிய சோதனை. விரிவான ஆய்வு, கருவி சரியாக இருக்கிறதா என்று கேட்கிறது. அன்றாடச் சோதனை, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று கேட்கிறது. இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு ‘சரி’, ‘சரி’ என்று கட்டங்களை நிரப்புவதால் பயன் ஏதும் இல்லை.

சோதனையைத் தொடங்குவதற்கு முன் செய்து வைக்க வேண்டியவை

ஆலையின் வரைபடத்தில் மண்டலங்களைக் குறித்து வைக்க வேண்டும். தூசியைப் பொறுத்தவரை, மேகம்போல் தூசி எப்போதும் இருக்கும் இயந்திர உட்பகுதி மண்டலம் 20. வழக்கமான வேலையின்போதே அவ்வப்போது தூசி எழும் மூட்டை பிடிக்கும் வாய்ப்பகுதி போன்ற இடங்கள் மண்டலம் 21. ஏதேனும் பழுதானால் மட்டும் சிறிது நேரம் தூசி சூழக்கூடிய பகுதி மண்டலம் 22. ஆவிக்கும் வாயுவுக்கும் இதே வரிசையில் 0, 1, 2 என்று வரும். இந்தப் பகுப்பைத் தகுதியுள்ள பொறியாளர்தான் செய்ய வேண்டும். சூப்பர்வைசர் அதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். அந்தப் படத்தின் மேல், சோதனைக்கு நடந்து போக வேண்டிய பாதையையும் ஒரு கோடாக வரைந்து, ஷிப்ட் மாறும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

சோதனை செய்பவருக்கு இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும் என்பது இதைவிட முக்கியமானது. அந்த அதிகாரத்தை முதலாளி எழுத்தில் கொடுத்து, மற்றவர்களும் அறியும்படி செய்ய வேண்டும். நம் பக்கத்துச் சிறு ஆலைகளில் முதலாளியே கேட்டருகில் நின்றுகொண்டு, பண்ணைக்கு லோடு போக வேண்டும் என்று அவசரப்படுத்துவது வழக்கம். அப்போது ‘பேரிங் சுடுகிறது, ஓட்டக்கூடாது’ என்று சொல்லக்கூடிய ஆள்தான் சோதனை செய்ய வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையனிடம் படிவத்தைக் கொடுத்து அனுப்பினால் அவன் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று எழுதி வருவதில் வியப்பில்லை.

கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு: அந்த மண்டலத்துக்குச் சான்று பெற்ற டார்ச் லைட், வாயு உள்ள ஆலையானால் வாயுமானி, பதிவேட்டுத் தாள், பேனா. பருத்திச் சட்டையும், நிலைமின்னை (உராய்வால் சேரும் மின்சாரத்தை) தரைக்குக் கடத்தும் பாதுகாப்புக் காலணியும் அணிந்திருக்க வேண்டும். சாதாரண செல்போனை வெளியிலேயே வைத்துவிட வேண்டும். பழுதைப் படமெடுக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடு போனை உள்ளே கொண்டுபோவதற்கும் இது பொருந்தும். தூரத்திலிருந்து வெப்பம் பார்க்கும் கைக்கருவியும் சான்று பெற்றதாக இருந்தால் மட்டுமே மண்டலத்துக்குள் போகலாம்.

முதல் படி: இறங்கும் ஷிப்டிடம் கேட்பது

பதிவேட்டைப் படிப்பதோடு நின்றுவிடாமல் ஆளிடம் நேரில் பேச வேண்டும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். “எல்லாம் நல்லா ஓடுச்சா?” என்று கேட்டால் “ஓடுச்சுங்க” என்றுதான் பதில் வரும். மாறாக இப்படிக் கேட்கலாம்:

“ஏனுங்ண்ணா, ராத்திரி எலிவேட்டர் ஏதாச்சும் சத்தம் போட்டுதுங்களா?”

“சத்தமெல்லாம் இல்லீங்க. ரெண்டு வாட்டி ட்ரிப் ஆச்சு. மறுக்கா போட்டு உட்டுட்டமுங்க.”

பதிவேட்டில் வராத செய்தி அந்த இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. மோட்டார் காரணமில்லாமல் ட்ரிப் ஆவதில்லை. அடியில் மாவு அடைத்து பக்கெட்டுகள் இழுத்திருக்கலாம். பெல்ட் தலைப்பகுதிப் புல்லியில் வழுக்கியிருக்கலாம். பெல்ட் ஒருபுறம் ஒதுங்கித் தகட்டில் உரசியிருக்கலாம். மூன்றுமே வெப்பத்தை உண்டாக்குபவை. காரணம் தெரியாமல் மறுபடி ஓட்டப்பட்ட இயந்திரத்தை, காரணம் தெரியும் வரை இன்றைய ஷிப்டில் தொடங்கக்கூடாது. நிறுத்தங்கள், ட்ரிப்புகள், அடைப்புகள், தற்காலிகமாகக் கட்டி வைத்த ஒட்டுவேலைகள், நேற்று வந்து போன வெளி ஆட்கள் ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: வாயுவும் ஆவியும்

தீவன ஆலை, மாவு ஆலை நடத்துபவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் பேட்டரியில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வைத்திருந்தால் சார்ஜ் செய்யும் அறையில் ஹைட்ரஜன் வெளிவரும் என்பதை மறக்கக்கூடாது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது எரியும். அந்த அறையின் மேற்கூரைக் காற்றோட்டத்தை யாரும் அடைக்கவில்லை என்பதைத் தினமும் பார்க்க வேண்டும்.

தவிட்டெண்ணெய், புண்ணாக்கெண்ணெய் எடுக்கும் சால்வென்ட் ஆலைகளில் நிலைமை வேறு. ஹெக்சேன் காற்றைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கனமான ஆவி. அதன் தீப்பற்று நிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இருப்பதால், மார்கழிக் குளிரிலும் அது ஆவியாகி எரியத் தயாராகவே இருக்கும். கனமான ஆவி ஆகையால் அது வாய்க்காலிலும், கேபிள் செல்லும் பள்ளத்திலும், பம்ப் குழியிலும் போய்த் தேங்குகிறது. வாயுமானியை முழங்கால் உயரத்துக்குக் கீழே, பள்ளங்களின் விளிம்பில் பிடித்துப் பார்க்க வேண்டும். சேகோ ஃபேக்டரிகளின் கழிவுநீரிலிருந்து கிடைக்கும் எரிவாயுவில் மீத்தேன் அதிகம். அது காற்றைவிட இலேசானது என்பதால் கொட்டகையின் கூரையடியில் பார்க்க வேண்டும்.

வாயுமானியைப் பற்றி மூன்று செய்திகள். முதலாவது, அன்றன்று எடுத்துப் போகுமுன் சோதனை வாயுவைச் சிறிது நேரம் காட்டி, முள் எழுகிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிலிகோன் கலந்த ஸ்ப்ரேயோ கிரீஸோ பட்டு உணரி செத்துப்போன மானியும் சுத்தமான காற்றில் பூஜ்ஜியத்தையே காட்டும். பார்வைக்கு அது ஆரோக்கியமான மானியைப் போலவே இருக்கும். இரண்டாவது, மானி காட்டும் 100 என்பது காற்று முழுவதும் வாயு என்பதைக் குறிப்பதன்று. வெடிப்பதற்குத் தேவையான குறைந்த அளவில் எத்தனை சதவீதம் என்பதையே அது காட்டுகிறது. ஹெக்சேன் காற்றில் ஏறத்தாழ 1.1 சதவீதம் சேர்ந்தாலே மானி 100 காட்டிவிடும். ‘10-தானே காட்டுகிறது’ என்று அலட்சியம் செய்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆலைகளில் முதல் அலாரம் 10-இலோ 20-இலோ அடிப்பதற்குக் காரணம் அதுவே. மூன்றாவது, ஆக்சிஜன் குறைந்த தொட்டிக்குள் வினையூக்கி வகை உணரி (வாயுவைத் தனக்குள் எரித்து அளப்பது) குறைவாகவே காட்டும். ஆகவே முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, அதன் பிறகு நச்சு வாயு என்ற வரிசை மாறக்கூடாது.

மூக்கை நம்புவதில் ஒரு எல்லை உண்டு. சாண எரிவாயுவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் தரும். அளவு கூடும்போது அது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்பது வாயு போய்விட்டதற்கு அடையாளமாகாது.

சால்வென்ட் ஆலையில் காலையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, கண்டென்சருக்குப் போகும் குளிர்நீரின் அழுத்தமும் வெப்பநிலையும். குளிர்நீர் தடைபட்டால் ஆவி திரவமாகாமல் வென்ட் வழியே வெளியேறத் தொடங்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் முதலில் நின்றுவிடுவது பெரும்பாலும் அந்தப் பம்புதான். அதனால் மின்தடைக்குப் பிறகு ஆலையை மறுபடி தொடங்குவதற்கு முன்பும் இந்த இரண்டாம் படியை முழுமையாகச் செய்ய வேண்டும். ஹெக்சேன் சரியாகப் பிரியாத புண்ணாக்கு குடோனில் குவிந்து கிடந்தால் அங்கேயும் ஆவி சேரும். குடோனைச் சோதனைப் பாதையிலிருந்து விட்டுவிடக்கூடாது.

மூன்றாம் படி: தூசிப் படிவைத் தேடுவது

இதை மேலிருந்து கீழ்நோக்கிச் செய்ய வேண்டும். தரையைத் தினமும் பெருக்குவதால் தரை சுத்தமாகவே இருக்கும். வருகிறவர்களின் கண்ணுக்கும் அதுவே படும். இரண்டாவது வெடிப்புக்கான மாவு உத்திரங்களின் மேல்முகத்திலும், கேபிள் ட்ரேயிலும், டக்டுகளின் முதுகிலும், விளக்குகளின் மேலும், ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதன் மேலும் கிடக்கிறது. ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் இடங்களை வாரத்தின் நாள்களுக்குப் பிரித்து வைத்துக்கொண்டால் எந்த இடமும் ஒரு வாரத்துக்கு மேல் பார்க்கப்படாமல் இருக்காது.

அளவுகோல் எளிது. அடியில் இருக்கும் பெயிண்டின் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் அன்றே சுத்தம் செய்ய வேண்டும். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறிகளில் நீண்ட காலமாகப் பயன்பட்டு வரும் அளவு ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். மூட்டை பிடிக்கும் இடத்தில் காற்றிலேயே தூசி நிற்பதாகத் தோன்றினால், 25 வாட் பல்பை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பழைய கணிப்பு ஒன்று உண்டு. வெளிச்சம் தெரியவில்லையென்றால் கன மீட்டருக்கு 40 கிராம் அளவுக்குத் தூசி இருக்கிறது. அந்த நிலை அறைக்குள் வந்துவிட்டால் ஆராய்ச்சி செய்து கொண்டிருக்காமல் அனைவரும் வெளியேற வேண்டும்.

தூசி ஒரே இடத்தில் தினமும் சேர்ந்தால் அதைப் பெருக்கிக்கொண்டே இருப்பது தீர்வாகாது. மேலே நிமிர்ந்து பார்த்தால் கிழிந்த கான்வாஸ் இணைப்போ, கேஸ்கெட் போன மூடியோ, ஓட்டை விழுந்த டக்டோ நிச்சயம் இருக்கும். படிவைப் பதிவு செய்யும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சுத்தம் செய்யும் முறையும் சோதனைக்கு உட்பட்டதுதான். காற்றுக் குழாயைப் பிடித்து உத்திரத்தில் அடிப்பது நம் ஆலைகளில் சர்வசாதாரணம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்பது உண்மை; வெடிப்பு செய்ய வேண்டிய முதல் வேலையை, அதாவது மாவைக் காற்றில் எழுப்புவதை, நாமே செய்து கொடுக்கிறோம் என்பதும் உண்மை. அந்த மண்டலத்துக்குச் சான்று பெற்ற, எர்த் செய்யப்பட்ட வாக்குவம் கிளீனர்தான் சரியான வழி. அது இல்லாத இடத்தில் மென்மையான துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி அள்ள வேண்டும்.

நூற்பாலைகளில் பறக்கும் பஞ்சு, மாவைப்போல் வலுவாக வெடிப்பதைவிட மேற்பரப்பில் மின்னல் வேகத்தில் தீயாக ஓடும் தன்மை உடையது. ஆனால் ஃபில்டர் அறையில் சேரும் நுண்தூசியைப் பஞ்சாக எண்ணிவிடக்கூடாது. அதை மாவுத் தூசிக்கு இணையாகவே நடத்த வேண்டும்.

நான்காம் படி: சரக்கு போகும் வழியே நடப்பது

மூலப்பொருள் கொட்டும் குழியிலிருந்து மூட்டை தைக்கும் இடம் வரை, சரக்கு போகும் அதே வழியில் நடக்க வேண்டும். முதலில் வருவது காந்தம். மக்காச்சோளத்தோடு ஆணி, போல்ட், சாக்குக் கொக்கி எல்லாம் வரும். காந்தத்தில் சேர்ந்த இரும்பை இயந்திரம் நின்றிருக்கும்போது அகற்றி, என்ன கிடைத்தது என்பதையும் எழுத வேண்டும். திடீரென்று ஒருநாள் போல்ட் ஒன்று கிடைத்தால் அது நம் இயந்திரத்திலிருந்தே கழன்றதா என்று பார்ப்பது அவசியம். காந்தத்தில் ஒன்றுமே கிடைக்காத நாள்களும் சந்தேகத்துக்குரியவை. நூற்பாலையில் பஞ்சுப் பொதியைப் பிரிக்கும் ப்ளோ ரூமில், பொதியோடு வரும் இரும்புத் துண்டு பஞ்சை அடிக்கும் பீட்டரில் பட்டுப் பொறி எழுப்புவதும் இதே கதைதான். அங்கே உலோக உணரியும் பொறி உணரியும் வேலை செய்கின்றனவா என்பதை ஷிப்ட் தொடக்கத்தில் பார்க்க வேண்டும்.

ஹேமர் மில்லில் சல்லடை கிழியாமலும் சுத்தியல்கள் தேய்ந்து ஒருபுறம் கனக்காமலும் இருக்க வேண்டும். கோளாறு இருந்தால் அதிர்வு மாறும். தினமும் அருகில் நிற்பவர்களுக்கு அது காலடியிலேயே தெரியும்.

பக்கெட் எலிவேட்டருக்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தானியத் தூசி வெடிப்புகள் தொடங்கும் இடங்களில் அது முதன்மையானது. அடிப்பகுதியின் கதவைத் திறக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே கெட்டியாகிப்போன மாவு இருக்கிறதா, பக்கெட்டின் போல்ட் தளர்ந்திருக்கிறதா, பெல்ட்டின் ஓரம் பிசிறு விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரம் ஒருபுறம் மட்டும் பிசிறு விட்டிருந்தால் பெல்ட் அந்தப் பக்கம் உரசுகிறது. தகட்டின் உட்புறத்தில் பளபளப்பான கோடு விழுந்திருக்கும், வெளிப்புறத்தில் பெயிண்ட் கருகியிருக்கும். வேகம் குறைந்தால் நிறுத்தும் உணரியையும், பெல்ட் விலகினால் நிறுத்தும் உணரியையும் ‘அடிக்கடி ட்ரிப் ஆகிறது’ என்று எலக்ட்ரீசியன் கழற்றி, அவை வேலை செய்யாதபடி வயர்களை நேராக இணைத்து வைத்திருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. அந்த எலிவேட்டர் ஓடக்கூடாது.

பேரிங்குகளின் வெப்பத்தை, இயந்திரம் ஓடத் தொடங்கி நிலைபெற்ற பிறகு, தினமும் அதே நேரத்தில், அதே புள்ளியில் அளந்து எழுத வேண்டும். ஒரு நாளின் எண்ணுக்குப் பொருள் குறைவு. ஏழு நாள்களின் எண்கள் வரிசையாக ஏறினால், எந்த எல்லையும் தாண்டாவிட்டாலும், ஃபிட்டரைக் கூப்பிட வேண்டும். பேரிங்கின் மேல் மாவு போர்த்தியிருந்தால் அது போர்வைபோல் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். படிவு தடிக்கத் தடிக்க, அது கனன்று தீப்பிடிப்பதற்குத் தேவையான வெப்பமும் குறைந்துகொண்டே போகும். இதனால்தான் 5 மில்லிமீட்டர் படிவு பற்றும் வெப்பநிலையிலிருந்து 75 டிகிரி கழித்து, அதற்கு மேல் மின்கருவியின் மேற்பரப்பு சூடாகக்கூடாது என்று தூசி மண்டலங்களுக்கான நெறிகள் வரையறுக்கின்றன.

பேக் ஃபில்டரில் அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மானி இருக்கும். எண் ஏறினால் பை அடைத்திருக்கிறது. எண் இறங்கினால் பலரும் மகிழ்ந்துபோகிறார்கள். உண்மையில் பை கிழிந்து தூசி வெளியே போய்க்கொண்டிருக்கலாம். அதன் பக்கவாட்டில் இருக்கும் வெடிப்பு வென்ட் தகடு அழுத்தம் வந்தால் திறந்து தீயை வெளியே விடுவதற்காக வைக்கப்பட்டது. மழை ஒழுகுகிறது என்று அதைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பதையும், அதன் முன்னால் காலிச் சாக்குகளை அடுக்கியிருப்பதையும், அதன் நேரெதிரே டீ குடிக்கும் திண்ணை முளைத்திருப்பதையும் பார்க்க முடியும். மூன்றையும் அன்றே அகற்ற வேண்டும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரிலிருந்த இம்பீரியல் சுகர் ஆலையில் 2008 பிப்ரவரி 7 அன்று நடந்த சர்க்கரைத் தூசி வெடிப்பில் 14 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில், சர்க்கரையில் அழுக்கு விழாமல் இருப்பதற்காக, சைலோக்களுக்கு அடியில் ஓடிய கன்வேயரைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். திறந்திருந்தவரை பரவிப்போன தூசி, மூடிய பிறகு உள்ளேயே அடர்ந்தது. சூடேறிய பேரிங் அதைப் பற்றவைத்திருக்கலாம் என்பது புலனாய்வின் முடிவு. நல்ல நோக்கத்தோடு செய்த மாற்றம் அது. கட்டடங்களில் ஆண்டுக்கணக்காகப் படிந்திருந்த சர்க்கரைத் தூசி மீதி வேலையைச் செய்தது. நடக்கும் வழியில் புதிய மூடி, புதிய டக்ட், இடம் மாறிய மோட்டார், கூட்டிய பெல்ட் வேகம் எதைக் கண்டாலும் யார் அனுமதித்தார்கள் என்று கேட்டு எழுத வேண்டியது இதனால்தான்.

ஐந்தாம் படி: மின்கருவிகள்

வெடிப்பு மண்டலத்தில் இருக்கும் ஒவ்வொரு மோட்டார், விளக்கு, சுவிட்ச், ஜங்ஷன் பாக்ஸ் ஆகியவற்றின் தகட்டிலும் அது எந்த வகை மண்டலத்துக்கு, எந்த வெப்ப வகுப்புக்கு உரியது என்று பொறித்திருக்கும். டி3 என்றால் மேற்பரப்பு 200 டிகிரியைத் தாண்டாது. டி4 என்றால் 135. ஹெக்சேன் 230 டிகிரி அளவிலேயே தானாகப் பற்றக்கூடியது என்பதால், அங்கே டி3-ஐவிட அதிகமாகச் சூடாகக்கூடிய டி1, டி2 வகுப்புகள் உதவா. வாயுவுக்குச் சான்று பெற்ற விளக்கு தூசி மண்டலத்துக்கும் செல்லும் என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டுக்கும் சான்று தனித்தனி.

தினமும் எதையும் திறக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தால் போதும். தீப்புகாப் பெட்டியில் (உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத மின்பெட்டியில்) எல்லா போல்ட்டும் இருக்க வேண்டும். எட்டு போல்ட்டில் ஏழு இருக்கிறதே என்பது இங்கே செல்லாத வாதம். ஒன்று குறைந்தாலும் அது சாதாரணப் பெட்டிதான். மூடியும் உடலும் சேரும் இடைவெளியில் பெயிண்ட் பூசியிருக்கக்கூடாது. கேபிள் நுழையும் கிளாண்ட் கையால் அசைத்தால் ஆடக்கூடாது. பயன்படாத ஓட்டைகளில் சான்று பெற்ற அடைப்பான் இருக்க வேண்டும். எம்-சீல், துணி, மரக்கட்டை ஆகியவற்றை ஏற்கக்கூடாது. தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும் என்பதால் கேபிளின் தோலையும் பார்க்க வேண்டும்.

புதிதாக முளைத்தவற்றையும் தேட வேண்டும். செல்போன் சார்ஜருக்காக இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மூட்டை தைக்கும் இடத்தில் வெக்கைக்கு வைத்த டேபிள் ஃபேன், வாட்ச்மேன் மாட்டிய சாமிப்பட சீரியல் லைட் ஆகியவை ஒரே இரவில் வந்துவிடும்.

ஆறாம் படி: நிலைமின்னும் எர்த்தும்

குழாய்களின் ஃபிளாஞ்சுகளுக்கு இடையே, ஹாப்பருக்கும் சட்டகத்துக்கும் இடையே போட்டிருக்கும் எர்த் பட்டைகள் அறுந்திருக்கின்றனவா, மெயின்டனன்ஸ் முடிந்தபின் மறுபடி மாட்டப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். டேங்கரிலிருந்து ஹெக்சேன் இறக்கும்போது ஹோஸ் இணைக்கும் முன்னரே எர்த் கிளாம்பை மாட்டி, ஹோஸை எடுத்த பின்னரே கழற்ற வேண்டும். கிளாம்பின் பல் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தால் மாட்டியும் பயனில்லை. ஜம்போ பைகளில் சரக்கு கொட்டும் இடத்தில் அந்தப் பை எர்த் செய்ய வேண்டிய வகையா என்பதை அதன் லேபிளில் பார்க்க வேண்டும்.

மாசி, பங்குனி மாதங்களில் காற்று வறண்டுபோகும்போது நிலைமின் தொல்லை கூடுகிறது. நூற்பாலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாவு ஆலைகளும் அந்த மாதங்களில் ஈரப்பதத்தைத் தினமும் குறித்து வருவது நல்லது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வேறுவிதத் தொல்லை தருகிறது. ஜன்னலும் ஷட்டரும் திறந்திருந்தால் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்து ஆலைகளில் உத்திரத்து மாவு முழுவதும் கீழே இறங்கிவிடும். காற்றடி காலம் தொடங்கும் முன்பே மேற்பகுதியைச் சுத்தம் செய்து முடித்துவிட வேண்டும்.

ஏழாம் படி: நெருப்பைக் கொண்டுவருபவர்கள்

வெல்டிங், கட்டிங், கிரைண்டிங் எதுவானாலும் எழுத்துப் பெர்மிட் இல்லாமல் நடக்கக்கூடாது. சோதனை செய்பவர் அந்தப் பெர்மிட்டில் எழுதியிருக்கும் இடமும் வேலை நடக்கும் இடமும் ஒன்றுதானா என்று நேரில் பார்க்க வேண்டும். எரியும் பொருள் இருந்த தொட்டியிலோ குழாயிலோ, அதை முற்றாக அகற்றி வெடிக்க இயலாத நிலைக்குக் கொண்டுவந்த பிறகே வெல்டிங் செய்யலாம். வேலை முடிந்து உலோகம் ஆறும் வரை அந்தப் பொருளை மறுபடி உள்ளே விடவும் கூடாது. எலிவேட்டர் ஒன்றின் தகட்டுக் கூட்டில் வெல்டிங் நடந்தால் பொறி உள்ளே விழுந்து, மணிக்கணக்கில் மாவுக்குள் கனன்றுகொண்டிருந்து, இயந்திரத்தை ஓட்டும்போது வெடிக்கலாம். வேலை முடிந்த பிறகும் அங்கே ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துவது இதற்காகவே.

பூஜையைப் பற்றிச் சொல்வதற்குச் சிலர் சங்கடப்படுகிறார்கள். ஆனால் சொல்லாமல் விடக்கூடாத விஷயம் இது. ஆயுத பூஜைக்கு இயந்திரத்தின் முன் கற்பூரம் ஏற்றுவதும், அமாவாசைக்குப் பூசணிக்காயின் மேல் கற்பூரம் வைத்து ஆலையைச் சுற்றி வருவதும், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதும் நம் பழக்கங்கள். இவற்றை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. தீபமும் கற்பூரமும் கேட்டருகிலோ அலுவலகத்திலோ நடக்கட்டும். இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் மாலையும் போதும். சந்தனத்தை மின்கருவியின் சான்றுத் தகட்டின் மேல் அப்பாமலும், மாலையின் நார் சுழலும் தண்டில் சிக்காமலும், வாழைக்கன்றை வென்ட் தகட்டோடு கட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாரி ஓட்டுநர்கள், வட மாநிலத் தொழிலாளர்கள், ஒப்பந்த ஃபிட்டர்கள் ஆகியோர் பீடி, லைட்டர், போன் ஆகியவற்றை வைத்துவிட்டுப் போக கேட்டில் பூட்டுள்ள பெட்டி இருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகைகள் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் இருந்தால்தான் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் பாதிப் பேர் புதியவர்களாக இருப்பார்கள். இயந்திரங்களும் பல நாள் நின்றிருக்கும். அன்று ஏழு படிகளையும் முடித்து, வெற்றோட்டம் விட்டுப் பார்த்த பிறகே சரக்கை ஏற்ற வேண்டும்.

நிறுத்துவதும் எழுதுவதும்

சில நிலைகளில் யாரையும் கேட்காமல் நிறுத்த வேண்டும்: கருகல் வாடை, பேரிங்கிலோ பெல்ட்டிலோ திடீர் வெப்ப ஏற்றம், வாயுமானி அலாரம், பாதுகாப்பு உணரி ஒன்று வேலை செய்யாதபடி கழற்றி நேராக இணைக்கப்பட்டிருப்பது, வென்ட் அடைபட்டிருப்பது, பெர்மிட் இல்லாத வெல்டிங். கருகல் வாடை வந்தால் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். காற்று உள்ளே புகுந்தால் கனல் தீயாகும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் மாவு எழும்பும். இயந்திரத்தை நிறுத்தி, ஆட்களை வெளியேற்றி, தீயணைப்புத் துறையை 101-இல் அழைத்து, உள்ளே இருப்பது எரியும் மாவு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் ‘சரி’ என்ற சொல்லுக்குப் பதிலாக எண்ணோ விவரமோ எழுத வேண்டும். ‘எலிவேட்டர் 2, தலைப் பேரிங், காலை 9 மணி, 58 டிகிரி, நேற்று 55’ என்று எழுதினால் அடுத்தவருக்கு அது பயன்படும். ஒவ்வொரு குறைக்கும் யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதும், சரிசெய்ததைப் பார்த்தவரின் கையொப்பமும் அதே வரியில் வர வேண்டும். ஒரே குறை ஒரு மாதத்தில் மூன்றாவது முறையாக வந்தால் அது ஃபிட்டரின் மேசையிலிருந்து முதலாளியின் மேசைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் உதிரிபாகம் வாங்குவதா, வடிவமைப்பை மாற்றுவதா என்பது பணம் சம்பந்தப்பட்ட முடிவு. புதிதாக இந்தப் பொறுப்புக்கு வரும் சூப்பர்வைசர், பழையவர் முன்னால் நடக்க இரண்டு வாரம் கூடவே நடந்து, அடுத்த வாரம் தாம் முன்னால் நடந்து பழையவரைப் பின்னால் வரச் செய்த பிறகே தனியாகக் கையொப்பமிட வேண்டும்.